அன்ன நடை வீடு

பூந்தமல்லிப் பெரிய சாலையில் நெல் மண்டி வைத்திருந்த ஜம்புலிங்கத்தின் வீட்டுப் பெண்களை ஊரில் யாரும் சரியாகப் பார்த்ததில்லை. ஆனால் அவர்களுடைய நடையை எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

தேர்த் திருவிழா அன்று அந்த மெத்தை வீட்டு வாசலில் வில்வண்டி வந்து நிற்கும். வாசற்படிக்கும் வண்டிக்கும் நடுவே மண்டி ஆட்கள் இரண்டு பக்கமும் வேட்டியை விரித்துப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அந்தத் துணிச் சந்துக்குள் ஜம்புலிங்கத்தின் மனைவி பொன்னியம்மா நடந்து போவாள். வெளியே தெரிவது தலைப்பு போர்த்திய தலை ஒன்றுதான். அது இடப்பக்கம் சாயும், ஒரு கணம் நிற்கும், வலப்பக்கம் சாயும், மறுபடி நிற்கும். நங்கூரம் போட்ட தோணி அலையில் அசைவது மாதிரி ஆடி ஆடி அந்தத் தலை வண்டியைச் சேர்வதற்குள் எதிர்ச்சாரிப் பெண்கள் பெருமூச்சு விட்டுவிடுவார்கள்.

"நடைன்னா இது நடை. நாமளும் நடக்கறோமே, பேய் தொரத்தறாப்ல!"

"குந்திக்கினு சாப்புடற ஊட்டு நடைடி அது. உனுக்கும் எனுக்கும் வருமா?"

அன்ன நடை என்று அதற்குப் பெயர் வைத்தாயிற்று. அன்னத்தைக் கண்ணால் கண்டவர்கள் அந்த ஊரில் யாரும் இல்லாததால் மறுத்துப் பேசவும் ஆள் இல்லை.

அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள் வேம்புலியம்மாள். பிறந்த ஊர் மேனாம்பேடு. அம்பத்தூர் ஏரித் தண்ணீரில் நெல் போட்டுச் சாப்பிடுகிற குடும்பம். வரப்பில் ஓடிப் பழகிய கால் அவளுக்கு. சமையற்கட்டிலிருந்து பூஜை அறைக்கு அவள் போனால் அலமாரியில் பித்தளைச் செம்புகள் ஒன்றோடொன்று உரசிச் சத்தம் போடும்.

"இன்னாடி பொண்ணே, நீ நடக்கறியா, நெல்லு குத்தறியா?" என்பாள் மாமியார் பொன்னியம்மா. கோபமாக அல்ல. வாய்விட்டுச் சிரித்துக்கொண்டேதான். "போவப் போவ சரியாப் பூடும். எனுக்கும் வந்த புதுசுல இப்டித்தான்."

போகப் போகச் சரியாக்குகிற வீடுதான் அது. ஜம்புலிங்கத்தின் அப்பா மண்டியில் மூட்டை தூக்கியவர். அம்மா தலையில் காய்கறிக் கூடையோடு குன்றத்தூர் வரை வெயிலில் நடந்து விற்றுவிட்டு வருவாள். உச்சந்தலை மயிர் தேய்ந்துபோன அந்த அம்மாவைப் பார்த்து வளர்ந்த மகன் சொந்தமாக மண்டி வைத்து, மெத்தை வீடு கட்டி, சாமியாரிடம் தீட்சை வாங்கி, வீட்டில் மீனையும் கறியையும் நிறுத்தினார். தன் வீட்டுப் பெண்கள் வெயிலில் நிற்கக்கூடாது என்பதைச் சட்டம் போல அவர் சொன்னதில்லை. சம்பாதித்ததெல்லாம் அதற்காகத்தானே என்று நினைத்தார். நிழல்தான் அவர் சேர்த்த சொத்து. ஒரு வருஷம் அடைமழையில் முற்றத்தில் அடுக்கிய மூட்டைகள் நனைந்து முளைவிட்டன. அதற்கப்புறம் முற்றத்தின் மேலும் தகரம் ஏறிவிட்டது. நடுப்பகலிலும் சமையற்கட்டில் காடா விளக்கு எரிந்தது. கிணறுகூடத் தகரத்துக்கு அடியில்தான். வாளியில் மேலே வருகிற தண்ணீர் கறுப்பாகவே வந்து, அண்டாவில் ஊற்றிய பிறகுதான் தண்ணீர் நிறத்துக்குத் திரும்பும்.

வேம்புலிக்கு அந்த இருட்டு ஆரம்பத்தில் பிடித்துக்கூட இருந்தது. குளிர்ச்சியாக, நெல் வாசனையோடு, ஏதோ பெரிய மிருகத்தின் வயிற்றுக்குள் பத்திரமாக இருப்பது மாதிரி. கணவன் தசரதன் நல்லவன், அதிகம் பேசாதவன். மண்டியிலிருந்து வரும்போது மடியில் மல்லிகை மொட்டுகளை முடிந்துகொண்டு வருவான். மேனியில் ஒட்டிய நெல் தூசியோடு அவன் வந்து நின்றால் இருட்டில் அவனை வாசனையால் அடையாளம் காண்பாள்.

முதல் பிரசவத்தில் குழந்தை வெளியே வர வழியில்லாமல் திணறி, வந்தபோது அழவில்லை. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. அந்த வீட்டில் அது புதிதும் இல்லை.

அதற்குப் பிறகு ஒருநாள் வேம்புலி விளக்கை எடுத்துக்கொண்டு கூடத்தைக் கடக்கும்போது பொன்னியம்மா உரலடியிலிருந்து வெறித்துப் பார்த்தாள். செம்புகள் சத்தம் போடவில்லை. விளக்கு இடப்பக்கம் சாய்ந்தது, நின்றது, வலப்பக்கம் சாய்ந்தது.

"ஏ முத்தம்மா, இங்க ஓடியா!" என்று பொன்னியம்மா தண்ணீர் இறைக்கிறவளைக் கூப்பிட்டாள். "பாத்தியா? என் மருமவளுக்கு நடை வந்துட்டுது!"

அன்றைக்கே உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டுத் திருஷ்டி கழித்தாயிற்று. மிளகாய் நெடியில் எல்லோரும் இருமினார்கள். வேம்புலி மட்டும் இருமாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். இருமினால் விலா எலும்பு நோகும்.

அந்த நடை எதனால் வந்தது என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். இடுப்பும் தொடையும் சுடாத பானை மாதிரி ஆகியிருந்தன. ஒரு கால் மேல் பாரத்தை ஏற்றுவதற்கு முன்னால் அந்தக் காலிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. அது சம்மதித்தால் சாய்வாள். சம்மதிக்கும் வரை நிற்பாள். அவ்வளவுதான் அன்னம்.

"அத்தே, உங்குளுக்கும் நடந்தா நோவுமா?" என்று ஒருதரம் கேட்டாள்.

"நோவாம? பொம்பள ஒடம்புன்னா நோவத்தான் நோவும்," என்றாள் பொன்னியம்மா, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே. உப்பு கரிக்கும் என்று சொல்வது மாதிரி சொன்னாள்.

வேம்புலி மறுபடி முழுகாமல் இருந்தாள். மாசி மாசத்தில் ஒரு காலை பாயிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. சுவரைப் பிடித்தாள், சுவர் உதவவில்லை. தசரதன் அவளைத் தூக்கி நிறுத்தினான். கையை விட்டதும் மடிந்து உட்கார்ந்துவிட்டாள். அவன் நேரே மண்டிக்குப் போய் அப்பாவின் முன்னால் நின்றான்.

"நைனா, நான் அவள டாக்டரம்மாகிட்ட இட்னு போறேன்."

போகட்டுமா என்று கேட்காமல் போகிறேன் என்று அவன் சொன்னது அதுவே முதல் தடவை. ஜம்புலிங்கம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "வண்டிக்குத் திரை கட்டச் சொல்லு," என்றார்.

கரையான்சாவடிப் பக்கம் மிஷன் வைத்தியசாலையில் ஜெயசீலி என்று ஒரு டாக்டரம்மா இருந்தாள். மெலிந்த பெண், மூக்குக்கண்ணாடி, வாய்ல் புடவையில் மருந்து வாசனை. வேம்புலியை நடந்து காட்டச் சொன்னாள். வேம்புலி மாமியாரின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து, சாய்ந்து, நின்று, சாய்ந்து, ஜன்னல் வரை போய்த் திரும்பினாள்.

"அது எங்க ஊட்டு நடைங்க," என்றாள் பொன்னியம்மா. "ஊரே பேசிக்கும்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "நீங்களும் கொஞ்சம் நடங்கம்மா," என்றாள்.

பொன்னியம்மா வெட்கப்பட்டுக்கொண்டே நடந்தாள். அதே சாய்வு, அதே நிறுத்தம். டாக்டரம்மா ஜன்னலைப் பார்த்தாள். வெளியே வெயில் வெள்ளையாகக் கொட்டிக்கொண்டிருந்தது. வண்டிக்கு அடியில் நாய் ஒன்று நாக்கைத் தொங்கவிட்டுப் படுத்திருந்தது. இந்த எலும்பு நோயைப் படிக்கிற காலத்தில் அவள் படத்தில் பார்த்திருக்கிறாள். புகை மூடிய சீமை நகரங்களில், சூரியன் எட்டாத சந்துகளில் வருகிற நோய் என்று போட்டிருந்தது. "இந்த ஊர்லயா?" என்று தனக்குள் சொல்லிக்கொண்டவள், திரும்பிக் கேட்டாள்:

"வீட்டுக்குள்ள வெயில் எங்கம்மா வரும்?"

"வெயிலா?" பொன்னியம்மாவின் முகம் மலர்ந்தது. "ஒரு பொட்டு வராதுங்க! அவுரு அவ்ளோ பாத்துப் பாத்துக் கட்டிக்கீறாரு."

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு அவர்கள் எதிரில் உட்கார்ந்தாள்.

"எலும்புக்குச் சுண்ணாம்பு வேணும். அது பால்லயும் கேழ்வரகுலயும் வந்துடும். ஆனா அதை எலும்புல பூசறதுக்கு ஒரு கொத்தனார் வேணும் இல்லையா? அந்தக் கொத்தனார் வெயில்லதான் வருவார். வைட்டமின் டின்னு ஒரு ஜீவசத்து, அதுதான் அவர் பேர். உங்க வீட்டுக்குள்ள அவர் நுழையவே இல்ல."

"எங்க ஊட்டுக்குள்ள வெளி ஆம்பளைங்க வர மாட்டாங்கதான்," என்றாள் பொன்னியம்மா.

இப்போது டாக்டரம்மா சிரித்துவிட்டாள். ஆனால் வேம்புலியின் வயிற்றில் கை வைத்ததும் அந்தச் சிரிப்பு நின்றது. "குழந்தை நல்லா இருக்கு. பெரிசாகிக்கிட்டே வரும். இடுப்பெலும்பு மெத்துன்னு அமுங்கிப் போச்சுன்னா அது வர்ற வழி அடைச்சுப் போகும். போன தடவை நடந்தது அதுதான். ஆடி மாசத்துக்குள்ள இந்த எலும்பு இறுகணும். இறுகலேன்னா குழந்தைக்கு மட்டும் ஆபத்து இல்லம்மா." மீதியை அவள் சொல்லவில்லை. வேம்புலிக்கு அதைச் சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை.

டாக்டரம்மா ஒரு புட்டியில் மஞ்சள் எண்ணெய் கொடுத்தாள். பொன்னியம்மா மூடியைத் திறந்து முகர்ந்தாள். மறுகணம் புட்டியைக் கை நீட்டித் தூரப் பிடித்தாள்.

"ஐயோ, மீனு!"

"மீன் ஈரல் எண்ணெய்தான். இதுலயும் அந்தச் சத்து இருக்கு."

"தீட்ச வாங்கின ஊடுங்க. அவுரு பூஜையில குந்திக்கினு கீறப்ப இது நாறினா..." என்றாள் பொன்னியம்மா. அந்தப் புட்டி கடைசியில் முத்தம்மாளுக்குப் போய்ச் சேர்ந்தது. அவள் அதைத் தன் பிள்ளைகளுக்கு ஊற்றினாள். அவை தெருவில் உருண்டு திரண்டு ஓடுவதைப் பற்றிப் பல நாள் பெருமை பேசினாள்.

"அப்ப வெயில்தான் மருந்து," என்றாள் டாக்டரம்மா. "நல்லா ஏறின வெயில். தினம் உட்காரணும். சுட ஆரம்பிச்சா நிழலுக்குப் போயிடணும்." பொன்னியம்மா தலையாட்டிவிட்டு முதலில் வண்டியில் ஏறினாள். வேம்புலியைத் தசரதன் தூக்கி ஏற்றப் போகும்போது டாக்டரம்மா ஓடி வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"தோல் மேல படணும். துணி மேல இல்ல. உன் தோல் மேல. மறந்துடாதே."

வீட்டில் அன்று நெடுநேரம் பேச்சு நடந்தது. மொட்டை மாடியில் உட்காரலாம், ஜம்புலிங்கத்துக்கு அதில் ஆட்சேபமில்லை. ஆனால் எதிரில் மண்டி. நெல் அம்பாரத்தின் மேல் நிற்கிற ஆட்களுக்கு மாடி தெரியும். அது மட்டுமல்ல.

"புள்ளத்தாச்சிய வெயில்ல காய வெச்சா ஊரு இன்னா சொல்லும்? இவ மாமியா வெங்காய வடவம் போடறா, மருமவளையும் சேத்துக் காயப் போட்டுக்கீறான்னு சொல்லும்," என்றார்.

பொன்னியம்மா வழி கண்டுபிடித்தாள். "ஒரு பந்தல் போட்டா? சூடுதான மருந்து? கீத்துக்கு அடியில குந்தினா சூடு வராமலா பூடும்? கறுத்தும் போவ மாட்டா."

எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. தசரதன் யாரையும் கூப்பிடவில்லை. தானே மூங்கில் நட்டு, தானே தென்னங்கீற்று வேய்ந்து, நாலு பக்கமும் தட்டி கட்டினான். அடியில் மணையும் தண்ணீர்க் கூஜாவும் வைத்தான். காலையில் மண்டிக்குப் போகும் முன் அவளை முதுகில் ஏற்றிக்கொண்டு படியேறுவான்.

"கனமா கீறேனா?"

"மூட்ட தூக்கற பரம்பர நாங்க. உன்ன மாதிரி நாலு மூட்ட தூக்குவேன்."

அவன் முதுகில் தலை சாய்த்து மேலே போகிற அந்தக் கொஞ்ச நேரம் வேம்புலிக்கு இனித்தது. பந்தலுக்குள் இறக்கிவிட்டு, "சொகமா கீதா?" என்று கேட்பான். வேர்வை வழிகிற அந்த முகத்தைப் பார்த்து அவள் என்ன சொல்வாள்? தலையாட்டுவாள். டாக்டரம்மாவின் விரல்கள் மணிக்கட்டில் இன்னும் இருப்பது போலிருக்கும்.

பந்தலுக்குள் புழுங்கியது. வேர்த்துக் கொட்டியது. எலும்பு மட்டும் பச்சை மண்ணாகவே இருந்தது.

பங்குனி பிறந்த சமயம், அவள் மணையில் சாய்ந்து அரைத்தூக்கத்தில் இருந்தபோது தரையில் ஒரு வட்டம் தெரிந்தது. கீற்று இடுக்கு வழியாக விழுந்த வெயில். காலணா அளவுதான். வட்டமாக, ஓரம் லேசாக நடுங்கிக்கொண்டு, உயிருள்ளது போல இருந்தது. வேம்புலி காலை மெதுவாக நீட்டினாள். வட்டம் பாதத்தின் மேல் ஏறியது.

கோழிக்குஞ்சு ஒன்று வந்து படுத்துக்கொண்ட மாதிரி இருந்தது. அவள் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டாள். அது நகர்ந்தது. அவளும் நகர்ந்தாள். பாதத்திலிருந்து கணுக்காலுக்கு, கணுக்காலிலிருந்து முழங்காலுக்கு. புடவையை ஏற்றிக்கொண்டு அதைத் தொடர்ந்து போனாள். சூரியன் மேலே ஊர்ந்தான், அவள் கீழே ஊர்ந்தாள். உச்சி வேளையில் வட்டம் அவள் வயிற்றின் மேல் வந்து நின்றது. உள்ளே குழந்தை புரண்டது. வெளிச்சம் உள்ளே எந்த நிறத்தில் தெரியும் என்று அவள் யோசித்தாள். செம்மண் கரைத்த ஏரித் தண்ணீரின் நிறமாக இருக்கும் என்று பட்டது. அந்தத் தண்ணீரில் குழந்தை கண்ணைத் திறக்காமலே திரும்பி, அந்தக் காலணாவைப் பிடிக்கக் கை நீட்டுவதாகத் தோன்றியது. அப்படியே தூங்கிப் போனாள். தூக்கத்தில் தன் எலும்புகள் எல்லாம் வரிசையாகச் சூளையில் அடுக்கப்பட்டிருப்பதையும், யாரோ ஒரு குயவன் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பதையும் கண்டாள். தட்டினால் இன்னும் ஓசை வரவில்லை.

காகம்தான் வழி காட்டியது. கூடு கட்டுகிற காலம். ஒன்று வந்து கீற்றில் ஓர் ஈர்க்கை இழுத்துக்கொண்டு போக, தரையில் இரண்டாவது காலணா விழுந்தது. வேம்புலி அண்ணாந்து பார்த்தாள். உட்கார்ந்த இடத்திலிருந்து எட்டுகிற தாழ்ந்த ஓரம் ஒன்று இருந்தது. ஓலையைப் பிடித்து மெல்ல இழுத்தாள். மூன்றாவது விழுந்தது.

அப்புறம் தினமும் கொஞ்சம். பிடுங்கியதைச் சுருட்டிப் பின்பக்கக் கைப்பிடிச் சுவருக்கு மேலே எறிவாள். கீழே முத்தம்மாள் பாத்திரம் துலக்குகிற இடம். இரண்டு மூன்று நாள் பார்த்துவிட்டு முத்தம்மாள் தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் மேலே ஏறி வந்தாள்.

"சின்னம்மா, இது இன்னா காக்காம்மா? ஓலைய மடிச்சு, சுருட்டி, முடிச்சுப் போட்டுக் கீய போடுது. வெரலு மொளச்ச காக்காவா?"

"உனுக்கு அடுப்பு எரிக்க ஆச்சா இல்லியா?"

"ஆச்சு ஆச்சு. இன்னும் ரெண்டு புடுங்கச் சொல்லு. நாளைக்கு எங்கூட்ல புட்டு."

சித்திரை நெருங்கும்போது பந்தலுக்குள் வெயில் வட்டங்கள் மீன்கூட்டம் மாதிரி நீந்தின. கைகளிலும் முதுகிலும் அவற்றை ஏந்திக்கொண்டு வேம்புலி படுத்திருப்பாள். ஒரு நாள் காலை, பாயில் புரண்டு படுத்தபோது முனகாமல் புரண்டதை அவளே கவனித்தாள். மறுநாள் சுவர் பிடித்து எழுந்து நின்றாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஏதோ கலைந்துவிடும் என்று பயந்தாள்.

கலைத்தது தசரதன்தான், அன்பால். ஓலை பொத்தலாகியிருப்பதைப் பார்த்துப் பதறிப்போனான். மண்டிக்கு விடுமுறையான அமாவாசையன்று புதுக் கீற்று வாங்கி வந்து இரட்டையாக வேய்ந்தான். ஒவ்வொரு கட்டிலும் மண்டி முடிச்சு போட்டான். நெல் மூட்டை வாய்க்குப் போடுகிற முடிச்சு அது. கத்தியில்லாமல் அவிழாது.

"இனிமே எந்தக் காக்கா வருதுன்னு பாக்கறேன்," என்றான். கை முழுக்கக் கீறல். "ஒரு பொட்டு வெயிலு வராது. போதுமா?"

"போதும்," என்றாள் வேம்புலி. அவன் இறங்கிப் போனதும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

அவனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் தன் அப்பாவிடம் போவான். அப்பா வேண்டாம் என்றால் அவன் அவருக்கும் இவளுக்கும் நடுவில் நிற்பான். அதற்குள் ஆடி வந்துவிடும். பந்தலுக்குள் கீழ்வீட்டு இருட்டு ஏறி வந்து உட்கார்ந்திருந்தது. குழந்தை விலாவில் உதைத்தது. போன தடவை இந்த மாசத்தில் அதுவும் இப்படித்தான் உதைத்தது.

அவள் மூங்கிலைப் பிடித்தாள். ஒரு காலிடம் கேட்டாள். சம்மதித்தது. மற்றதிடம் கேட்டாள். நேரம் எடுத்துச் சம்மதித்தது. சுவர் இல்லாமல், ஆள் இல்லாமல் எழுந்து நின்று இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினாள். முடிச்சு அவிழாது, தெரியும். முடிச்சை விட்டுவிட்டு ஓலையைக் கிழித்தாள். நார் நாராக, இதழ் இதழாக. இரட்டைக் கூரையில் ஒரு கை நுழைகிற வழி திறந்தது. பிறகு தலை அளவு. காலணாக்கள் இல்லை இப்போது, ஒரு முழுத் துண்டு வெயில் அவள் தோளில் விழுந்தது. புடவைத் தலைப்பு நழுவியதை அவள் கவனிக்கவில்லை.

அதே நேரத்தில் பொன்னியம்மா படியேறிக்கொண்டிருந்தாள். மகன் இவ்வளவு பாடுபட்டுக் கட்டியதைக் காகம் மறுபடி பிரிக்கக்கூடாது, தானே உட்கார்ந்து விரட்டுவதென்று கையில் ஒரு குச்சியோடு கிளம்பியிருந்தாள். பல வருஷமாக ஏறாத படி. நின்றபடி ஏற முடியவில்லை. திரும்பி உட்கார்ந்து, கையை ஊன்றி ஊன்றிப் பின்புறமாகவே ஒவ்வொரு படியாக மேலே வந்தாள். மேலே வந்து தட்டியை விலக்கினாள்.

மருமகள் முழங்காலுக்கு மேல் புடவையைச் செருகிக்கொண்டு, வாயில் ஓலை நாரைக் கடித்தபடி, வெயிலில் மினுமினுத்துக்கொண்டு நின்றாள்.

"அடிப்பாவி," என்றாள் பொன்னியம்மா. "நீதானா அந்தக் காக்கா?"

வேம்புலி வாயிலிருந்த நாரை எடுத்தாள். மூங்கிலைப் பிடித்த மறு கையை இறக்கவில்லை. இறக்கினால் விழுந்துவிடுவாள். "சூடு மருந்து இல்ல அத்தே. தோல் மேல வெயிலு படணும்னாங்க. நீங்க வண்டியில ஏறிட்டீங்க. அவுரு ஆசையா கட்டினாரு. நான் எப்டிச் சொல்லுவேன்? சொல்லாம செத்துப்போனா?"

பொன்னியம்மாவுக்கு மூச்சு வாங்கியது. நிற்க முடியாமல் அங்கேயே உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்தில் அந்த வெயில் துண்டு அவள் மடியில் விழுந்தது. அதைத் தட்டிவிடப் போகிறவள் மாதிரி கையைக் கொண்டுபோனவள், கையை அதிலேயே வைத்துக்கொண்டாள். பிறகு புடவையைச் சற்று விலக்கி முழந்தாளை அதில் காட்டினாள். வெளுத்த, நீல நரம்பு ஓடுகிற கால்.

கீழே மண்டியில் நெல் அளக்கிற குரல் ராகம் போல வந்துகொண்டிருந்தது.

"முத்தத்துல தகரம் போட்ட அன்னிக்கு நான் ஒண்ணுதான் கேட்டேன்," என்றாள் பொன்னியம்மா கடைசியில். "துணிய எங்க காய வெக்கறதுன்னு. அதுக்கு மேல கேக்கத் தோணல." முழந்தாளை வெயிலுக்குள் இன்னும் சற்று நகர்த்தினாள். "தசரதன் தகரத்துக்கு முந்தி பொறந்தவன். தக்காம போன புள்ளைங்க எல்லாம்... அப்பால பொறந்ததுங்க."

வேம்புலி மூங்கிலைப் பிடித்தபடி மெதுவாக அவள் பக்கத்தில் இறங்கி உட்கார்ந்தாள்.

"இன்னாத்துக்குக் குந்திட்டே?" என்றாள் மாமியார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எனுக்கு எட்டாது. அதோ, அந்த ஓரத்துல கீறதப் புடுங்கு."

பிடுங்குகிற சத்தம் மண்டி வரை கேட்டிருக்க வேண்டும். "அங்க இன்னா சத்தம்?" என்று ஜம்புலிங்கத்தின் குரல் தெருவிலிருந்து வந்தது.

"காக்காங்க!" என்று பொன்னியம்மா கத்தினாள். அந்த வீட்டுப் பெண் குரல் தெருவில் கேட்டது அன்றைக்குத்தான்.

சாயங்காலம் அவரும் மகனும் மாடிக்கு வந்து பார்த்தார்கள். மூங்கில் சட்டம் நின்றது, கூரை இல்லை. தசரதன் கிழிந்த ஓலையையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தான். அவள் எந்தப் பிடிப்பும் இல்லாமல் நின்றுகொண்டிருந்தாள். அவனுக்கு அதுவே போதுமாக இருந்தது.

"நான்தான் எடுக்கச் சொன்னேன்," என்றாள் பொன்னியம்மா. "நாலு பக்கமும் தட்டி கீது. பாக்கறவன் ஆகாசத்துல இருந்துதான் பாக்கணும்."

"கறுத்துப் பூடுவீங்களே," என்றார் ஜம்புலிங்கம். அவர் குரலில் அதிகாரம் இல்லை. அம்மாவின் தேய்ந்த உச்சந்தலை அவர் கண்ணில் வந்திருக்கலாம்.

"கறுத்துட்டுப் போறோம்."

அவர் இறங்கிப் போனார். மறுநாள் மண்டி ஆள் ஒருவன் புதுச் சாக்குப் படுதாக்களைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனான். தட்டிக்கு இன்னும் மறைப்பாக, மேலே மட்டும் ஒன்றும் இல்லாமல்.

சித்திரையும் வைகாசியும் அந்த இரண்டு பெண்களும் மாடியில் காய்ந்தார்கள். சுட்டால் படிக்கட்டு நிழலுக்கு நகர்வார்கள், ஆறினால் திரும்புவார்கள். வெயிலைப் பார்த்தபடி கண்ணை மூடிக்கொண்டால் இமைக்குள் செக்கச்செவேலென்று ஒரு கடல் விரியும். வேம்புலி அதில் மிதந்தாள். குயவன் மறுபடி கனவில் வந்தான். இந்தத் தடவை அவன் தட்டியபோது நன்றாக வெந்த பானையின் ஓசை வந்தது.

ஆடியில் வலி கண்டது. ஜெயசீலி டாக்டரம்மா வந்து, ஒரு பகல் முழுக்க அந்த இருட்டு அறையில் விளக்குப் பக்கத்திலேயே இருந்தாள். சுலபமான பிரசவம் இல்லை. பொன்னியம்மா கதவுக்கு வெளியே வாயில் புடவையைத் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விளக்கேற்றுகிற வேளையில் உள்ளே ஒரு குரல் அழுதது. கீச்சென்று, கோபமாக. பெண்.

"வழி விட்டுச்சு," என்றாள் டாக்டரம்மா வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டே. கண்ணாடியைக் கழற்றி அதையும் துடைத்தாள்.

வேம்புலியின் நடையில் ஒரு சின்னச் சாய்வு கடைசி வரை மிஞ்சியது. ஆனால் செம்புகள் மறுபடி சத்தம் போட ஆரம்பித்தன. அடுத்த தேருக்கு அவள் துணிச் சந்துக்குள் நடந்து போனதைப் பார்த்து எதிர்ச்சாரிப் பெண்களுக்குப் பெரிய ஏமாற்றம்.

"ஐயே, இன்னாடி இது? மெத்த ஊட்டு நடை பூட்டுதே!"

"கறுத்தும் பூட்டா பாரு. மேனாம்பேட்டுச் சரக்கு, எத்தினி நாள் தாங்கும்?"

வேம்புலி அதைக் கேட்டாள். தலைப்புக்குள் சிரித்துக்கொண்டாள்.

உலக யுத்தம் முற்றிய வருஷம், ஆவடிப் பக்கம் போகிற பட்டாளத்து லாரிகளால் பெரிய சாலை அதிர்ந்துகொண்டிருந்தது. ஒரு மத்தியானம் ஜம்புலிங்கம் கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலைக்கு மேல் தட தடவென்று சத்தம். லாரி இல்லை. மாடியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடுகிறது, நிற்கிறது, திரும்பி ஓடுகிறது. கூடவே காகங்கள் கத்திக்கொண்டு பறக்கின்றன.

"மேல யாரு நெல்லு குத்தறது?" என்றார்.

"உங்க பேத்தி," என்றாள் பொன்னியம்மா, மோரை ஊற்றிக்கொண்டே. "நடக்கறா."

அவர் சோற்றில் கை வைத்தபடி முற்றத்துத் தகரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார்.